தெளிக்கும் முன் தோண்டிப் பாருங்கள்: வீட்டுத்தோட்டச் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

செடி வாடினால் கை தானாகத் தெளிப்பானைத் தேடும். எனக்கும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தது. இலையில் புள்ளி தெரிந்தால் வேப்ப எண்ணெய், மஞ்சளானால் ஒரு கைப்பிடி மண்புழு உரம், எதுவும் பிடிபடாவிட்டால் இன்னும் ஒரு குவளை தண்ணீர். இயற்கைச் சரக்குதானே, என்ன கெட்டுவிடப் போகிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பில் நான் கொன்ற செடிகள், பூச்சி கொன்றதைவிட அதிகம். சின்ன வயதில் பிடித்த பைத்தியம் இது; இன்றைக்கும் கண் விழித்ததும் கால் தோட்டத்துக்குத்தான் போகிறது. இத்தனை காலத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: இலையில் தெரிவதில் பாதிக்கு மேல் வேரில் நடப்பதன் விளைவு. அதனால் கீழே உள்ள அறிகுறிகளில் மருந்து கடைசியில்தான் வரும். சிலவற்றில் வரவே வராது.

எதற்கும் முன் மூன்று நிமிடம்

அறிகுறி எதுவானாலும் இந்தச் சோதனையை முடித்துவிட்டுக் கீழே படியுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். மேல் மண் காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே சேறாக இருக்கும். மேலே ஈரம் மினுங்கும், அடியில் தூசியாக இருக்கும். கண்ணை நம்பக் கூடாத இடம் இது. சின்னத் தொட்டியானால் தூக்கிப் பாருங்கள். வயிறு நிறையத் தண்ணீர் குடித்த தொட்டியின் கனம் கைக்குப் பழகிவிட்டால் அதைவிட நல்ல ஈரமானி கிடையாது.

பிறகு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் நல்லது. பாதிப்பு கீழ் இலையில் தொடங்கியதா, குருத்தில் தொடங்கியதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, போன பத்து நாளில் அந்தச் செடிக்கு நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். இடம் மாற்றியது, உரம் வைத்தது, நாலு நாள் தண்ணீர் விட மறந்தது எல்லாம் கணக்கில் சேர்த்தி.

மண் ஈரமாக இருக்கிறது, செடியோ வாடிக் கிடக்கிறது

முதலில் நேரத்தைப் பாருங்கள். உச்சி வெயிலில் பூசணி, வெள்ளரி போன்ற அகல இலைச் செடிகள் தலையைத் தொங்கப் போடும். வேர் உறிஞ்சுகிற வேகத்தை இலை நீராவியாக விடுகிற வேகம் மிஞ்சிவிடுகிறது, அவ்வளவுதான். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் நோயில்லை. அந்த நேரத்தில் பதறிப்போய் ஊற்றும் தண்ணீர்தான் நோயைக் கொண்டுவரும்.

மறுநாள் விடிகாலையிலும் வாடியே இருந்தால் விஷயம் வேறு. ஈர மண்ணில் வாடும் செடி பெரும்பாலும் மூச்சு முட்டிக் கிடக்கிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்க வேண்டிய காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளிவிட்டால் வேருக்கு ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாத வேரால் தண்ணீரை உறிஞ்சவும் முடியாது. நடுக்கடலில் தாகம் என்பது இதுதான். செடியை ஓரமாகத் தோண்டி ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல். தண்ணீரை நிறுத்துங்கள், அடித்துளை அடைத்திருக்கிறதா பாருங்கள், தட்டில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள், தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். வடிகாலுக்காகத் தொட்டி அடியில் ஜல்லி போடுவது. நானும் போட்டிருக்கிறேன். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் அவ்வளவு எளிதில் இறங்காது. மேல் மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகே இறங்கும். ஆக, தேங்கும் நீர் அடியிலிருந்து மேலே, வேர் இருக்கும் இடத்துக்கு நகர்கிறதே தவிரக் குறைவதில்லை. ஜல்லியை விட்டுவிட்டு மண் கலவையைப் பொலபொலவென்று வையுங்கள்.

வேர் நன்றாக இருந்தும் செடி பச்சையாகவே, இலை மஞ்சளாகாமல், இரண்டு மூன்று நாளில் சட்டென்று தொங்கிப் போகிறதா? தக்காளி, கத்தரி, மிளகாய்க் குடும்பமா? தண்டின் அடிப்பகுதியில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, வெட்டுமுனை நீரில் படும்படி கண்ணாடித் தம்ளரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் நூல் போல வெள்ளையாக இழை இறங்கினால் அது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவால் வரும் வாடல் நோய். இதற்கு மருந்து தேடாதீர்கள். செடியை வேர்மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள், அந்த மண்ணில் இந்தக் குடும்பத்துச் செடிகளைச் சில வருடங்களுக்கு வைக்காதீர்கள். வெங்காயமோ மக்காச்சோளமோ போடலாம். மாறாக, கீழ் இலைகள் மஞ்சளாகி, பல நேரம் செடியின் ஒரே பக்கத்தில் தொடங்கி, மெதுவாக வாடினால், தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பியூசேரியம் பூஞ்சை. முடிவு அதேதான்.

இலை மஞ்சளாகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படும் கேள்வியும்கூட. மஞ்சள் என்று சொன்னால் போதாது. எந்த இலை, எந்த மாதிரி மஞ்சள் என்று பார்க்க வேண்டும்.

தழைச்சத்தும் (நைட்ரஜன்) மக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்கு அனுப்பும். அதனால் கீழ் இலை முதலில் வெளுக்கும். முழு இலையும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து. நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். இரும்பு அப்படி நகராது. பற்றாக்குறை வந்தால் கீழ் இலை பச்சையாகவே இருக்கும், குருத்திலைதான் மஞ்சளாகும், அதிலும் நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலையாகத் தெரியும்.

இனி காரணம். தழைச்சத்துக் குறைபாடு உரம் போடாததால் மட்டும் வருவதில்லை. சரியாக மக்காத இலை, மரத்தூள், பாதி மக்கிய நார்க்கழிவு எதையாவது மண்ணோடு கலந்திருந்தால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிரிகள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி. இப்படிப்பட்ட தொட்டியில் வேப்பம் புண்ணாக்கோ நன்றாக மக்கிய தொழு உரமோ மேலே தூவி, மக்காத பொருளைக் கிளறி எடுத்து மண்ணின் மேல் மூடாக்காக மட்டும் வையுங்கள். மேலே கிடந்தால் கெடுதல் இல்லை, உள்ளே புதைத்தால்தான் வம்பு.

இரும்புக் குறைபாட்டில் பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், செடியால் எடுக்க முடியாது. மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 7-ஐத் தாண்டத் தாண்ட இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. உப்புத் தண்ணீர், கடின நீர் ஊற்றும் தொட்டிகளில் இது சகஜம்; மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் உறுதி. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக வடிய விடுங்கள். மழைநீர் பிடித்து வைக்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. மட்கு உரம் கூடக் கூட இந்தத் தொல்லை குறையும்.

மஞ்சளானால் எல்லோரும் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) என்கிறார்கள். கீழ் இலையில் நரம்பிடை மஞ்சள் இல்லாவிட்டால் அதைத் தொடாதீர்கள். தேவையில்லாத மக்னீசியம், வேர் கால்சியம் எடுப்பதற்குப் போட்டியாக நிற்கும். ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்கிய கதை.

அடியில் ஒன்றிரண்டு இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயசு. விட்டுவிடுங்கள்.

குருத்து இலை சுருள்கிறது

மிளகாய் வளர்ப்பவர்களுக்குத் தூக்கம் கெடுக்கும் அறிகுறி. சுருளும் திசையைப் பாருங்கள். விளிம்புகள் மேல்நோக்கி மடிந்து படகு போல ஆனால் இலைப்பேன். விளிம்புகள் கீழ்நோக்கி வளைந்து, இலை குறுகி, காம்பு நீண்டு எலிவால் போலத் தெரிந்தால் மஞ்சள் சிலந்திப் பேன். இலைப்பேன் சுமார் 1 மில்லிமீட்டர். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் குருத்தைத் தட்டினால் மெல்லிய கோடுகளாக ஓடும். மஞ்சள் சிலந்திப் பேனைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், உருப்பெருக்கி வேண்டும்.

இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: மிகவும் சுருண்ட நுனிகளைக் கிள்ளிப் பையில் கட்டி அகற்றுவது. பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகத் தண்ணீர் அடிப்பது, மூன்று நாள் தொடர்ந்து. அதன் பிறகே வேப்ப எண்ணெய். சிலந்திப் பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகப் பொடி) நன்றாக வேலை செய்யும், ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளிக்காதீர்கள், கடும் வெயில் நாளிலும் வேண்டாம். இலை கருகிவிடும்.

வேப்ப எண்ணெய் வேலை செய்யவில்லை என்பவர்களில் பலர் அதைக் கலக்கவே இல்லை. எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் சுத்த எண்ணெயும் வரும். 5 மில்லி எண்ணெயில் ஒன்றிரண்டு மில்லி திரவ சோப்பைக் குழைத்து, பால் போல ஆனதும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். துணி துவைக்கும் பொடி வேண்டாம். கரைத்த அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். அதில் பூச்சியைத் தடுக்கும் பொருளான அசாடிராக்டின் சூரிய ஒளியில் சிதைந்துவிடும். தேனீக்கள் கூடு திரும்பியிருக்கும் நேரமும் அதுதான். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை அடிக்காமல் பலன் பற்றி முடிவு கட்டாதீர்கள். தொட்டதும் கொல்வது அதன் முதல் வேலையில்லை, உண்பதையும் தோலுரிப்பதையும் தடுத்து மெல்லத் தீர்க்கும்.

இலை சுருண்டு, சிறுத்து, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் அது நச்சுயிரி (வைரஸ்). வெள்ளை ஈ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. இதற்கு எந்தக் கரைசலும் கிடையாது. பூத்துவிட்டதே, பாவமே என்று நான் வைத்திருந்த ஒரு தக்காளிச் செடியிலிருந்து ஒரே மாதத்தில் ஒன்பது செடிக்குப் பரவியது. பிடுங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது: விடிகாலையில், ஈக்கள் மந்தமாக இருக்கும்போது, செடியின் மேல் பெரிய பையைக் கவிழ்த்து மூடி, பையோடு சேர்த்துப் பிடுங்குங்கள். சும்மா பிடுங்கினால் ஈக்கள் எழும்பிப் பக்கத்துச் செடிக்கு நோயைச் சுமந்துபோகும்.

இலை பிசுபிசுக்கிறது, எறும்பு ஏறுகிறது, மேலே கரி படிகிறது

மூன்றும் ஒரே கதை. அசுவினியோ மாவுப்பூச்சியோ சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவை விடுகிறது. அதற்காக எறும்பு காவல் நிற்கிறது. அந்த இனிப்பில் கரும்பூசணம் வளர்கிறது. கரியைத் துடைத்தால் போகும், மூலம் போகாது. அசுவினி ஆண் துணையில்லாமலே குட்டி போடும், அதனால்தான் ஒரே வாரத்தில் தண்டு தெரியாமல் அப்பிக்கொள்கிறது. வேகமான நீர்ப்பீய்ச்சலில் முக்கால்வாசி போய்விடும். உதிர்ந்தவை திரும்பி ஏறுவது அரிது. மாவுப்பூச்சி அப்படிப் போகாது, பல் துலக்கும் பழைய தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்க்க வேண்டும்.

எறும்பைத் தடுங்கள். காவல் போனால் பொறிவண்டு உள்ளே வரும். அதன் புழு முதலை போல நீளமாக, சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுப் புள்ளியோடு இருக்கும். கெட்ட பூச்சி என்று நசுக்குபவர்கள் நிறையப் பேர். இன்னொரு வகை, மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு தொங்க, மாவுப்பூச்சி போலவே வேஷம் போட்டிருக்கும். அளவில் பெரிதாக இருந்து விறுவிறுவென்று நடந்தால் அது நம் ஆள்.

வெள்ளைப் பொடி தூவியது போல இலை

விரலால் தேயுங்கள். வந்துவிட்டால் சாம்பல் நோய். வராவிட்டால், சில பூசணி வகைகளின் இலைக்கு இயற்கையிலேயே உள்ள வெள்ளித் திட்டு. சாம்பல் நோய் மற்ற பூஞ்சைகளைப் போல நனைந்த இலையை எதிர்பார்ப்பதில்லை, காற்றோட்டமில்லாத நெருக்கமே அதற்குப் போதும். அடி இலைகளைக் கழித்துக் காற்று விடுங்கள். அடுத்து ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒரு முறை. கைவைத்தியம் மாதிரித் தோன்றும். பிரேசில் ஆய்வாளர் வாக்னர் பெத்தியோல் 1999-இல் சுக்கினி என்ற பூசணி வகைச் செடிகளில் சோதித்து வெளியிட்ட முறை இது. முற்றிப்போன இலைக்கு உதவாது, முதல் புள்ளி தெரிந்ததும் தொடங்க வேண்டும்.

பூக்கிறது, காய்க்கவில்லை

பூசணிக் குடும்பமானால் கவலைப்பட அவசரமில்லை. முதலில் வருவது ஆண் பூக்கள், உதிரத்தான் செய்யும். பூவுக்குப் பின்னால் குட்டிப் பிஞ்சு இருந்தால்தான் பெண் பூ. அந்தப் பிஞ்சும் மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தொட்டுத் தடவுங்கள், பூ விரிந்திருக்கும் வேளையிலேயே.

தக்காளி, கத்தரியில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில். மகரந்தப்பை நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் பொடி உதிரும், அதற்கு அதிர்வு வேண்டும். தேனீயால் அப்படி அதிர வைக்க முடியாது, தச்சு வண்டு செய்யும். வண்டு வராத தோட்டத்தில் காலை வேளையில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மின் பல்துலக்கியை வைத்து அதிர விடுபவர்களும் உண்டு, சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்கிறது. பகலில் 35 டிகிரி செல்சியஸையும் இரவில் 24 டிகிரியையும் தாண்டும் நாட்களில் தக்காளி மகரந்தமே வீரியம் இழந்துவிடும். அப்போது செய்யக்கூடியது நிழல்வலையும் பொறுமையும். இலை மட்டும் கருகருவென்று செழித்துப் பூவே இல்லையென்றால் உரத்தை நிறுத்துங்கள். அன்பு கூடிவிட்டது.

தக்காளியின் அடி கறுத்துக் குழிகிறது

பூஞ்சையில்லை, பூச்சியில்லை. கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. மண்ணில் கால்சியம் இருந்தாலும் அது தண்ணீரோடு ஏறித்தான் போக வேண்டும். இலை நிறைய ஆவியாக்குவதால் பெரும்பங்கை இலையே இழுத்துக்கொள்கிறது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் காய்க்குப் போகும் பங்கு அறுந்து அறுந்து போகிறது. ஆகவே மருந்து, சீரான ஈரம். இருபது லிட்டர் மண்ணாவது பிடிக்கும் தொட்டி, இரண்டு அங்குல மூடாக்கு. முட்டை ஓடு? அமிலத்தன்மையில்லாத மண்ணில் அது கரைய மாதக்கணக்காகும். இன்றைய காய்க்கு உதவாது. மாவாகப் பொடித்து அடுத்த பருவத்து மண்ணில் கலந்து வையுங்கள். கறுத்த காயைப் பறித்துவிடுங்கள், அடுத்த கொத்து நன்றாக வரும்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

நாற்று மண் மட்டத்தில் நூலாகச் சுருங்கிச் சாய்ந்தால் நாற்றழுகல். சாய்ந்தது போனதுதான். அடுத்த முறை நெருக்கமாக விதைக்காமல், மேல் மண் சற்றுக் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டு, விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையின் பொடியில் புரட்டி (கிலோவுக்கு 4 கிராம் கணக்கு, வீட்டுக்கு ஒரு சிட்டிகை) விதையுங்கள்.

இலையில் பாம்பு போல வெள்ளைக் கோடு என்றால் இலைத் துளைப்பான். கோட்டின் அகலமான முனையில் புழு இருக்கும், நகத்தால் நசுக்கினால் போதும். அழகு கெடும், விளைச்சல் அவ்வளவாகக் கெடாது. ஓட்டையும் கறுப்பு எச்சமும் இருந்தால் புழு. இருட்டிய பின் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். நிறைய இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாவைத் தெளியுங்கள், அதுவும் குட்டிப் புழுவாக இருக்கும்போது. புழு தின்றால்தான் அது வேலை செய்யும்.

பிஞ்சு ஒரு பக்கமாக வளைந்து, துளையருகே பிசின் கசிந்து அழுகினால் பழ ஈ. உள்ளே முட்டை வைத்தாயிற்று, எண்ணெய் அங்கே எட்டாது. மகரந்தம் சேர்ந்த உடனே பிஞ்சுக்குத் துணிப்பையோ காகிதப் பையோ கட்டுங்கள். விழுந்த காய்களை மண்ணில் கிடக்க விடாதீர்கள், புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும்.

ஊற்றிய தண்ணீர் அப்படியே அடியில் ஓடுகிறதென்றால் மண் முழுதாகக் காய்ந்து நீரை ஒட்டவிடாமல் ஆகிவிட்டது. ஓரத்து இடைவெளி வழியாக ஓடுகிறது. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள்.

உரக்குழி நாறுகிறது

மூக்கே போதும். மூக்கை எரிக்கும் காரநெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம். கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் 30-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டி இருக்க வேண்டும், வீட்டுக் கணக்கில் ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்றில்லை, கிளறுங்கள். நாற்றமே இல்லாமல், மக்கவும் மாட்டேன் என்று எறும்பு குடியேறினால் காய்ந்துவிட்டது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஓடக் கூடாது. தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் பயப்படாதீர்கள், அவை கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். கடிக்காது, கழிவைத் தின்றே தீர்க்கும். ஆனால் ஈரம் சற்று அதிகம் என்று அவை சொல்கின்றன.

செடி செத்தே போய்விட்டது

அப்படியே தூக்கி எறியாதீர்கள். கவிழ்த்து வேரைக் கழுவிப் பாருங்கள். வேரிலேயே ஒட்டி வளர்ந்த, உதிர்க்க முடியாத முண்டு முண்டான வீக்கங்கள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு, மண்ணில் வாழும் மிக நுண்ணிய புழு. அவரை, பயறு வகைச் செடியானால் குழப்பம் வரும்: அதன் வேரில் உள்ள உருண்டைகள் தழைச்சத்து பிடிக்கும் நல்ல முடிச்சுகள், நகத்தால் சுரண்டினால் உதிரும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்.

நூற்புழு இருந்த மண்ணை மற்றத் தொட்டிகளுக்குப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், இரண்டு பருவம் அழுதேன். நல்ல வெயில் காலத்தில் அந்த மண்ணைத் தரையில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, ஈரமாக்கி, கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடி, விளிம்புகளில் கல் வைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவையுங்கள். இஸ்ரேலில் யாக்கோவ் கட்டான் குழுவினர் 1976-இல் வெளியிட்ட இந்த வெயில் முறைக்குக் கறுப்புத் தாள் அவ்வளவு பொருந்தாது, வெயில் உள்ளே இறங்க வேண்டும். தாளை எடுத்த பிறகு நல்ல நுண்ணுயிரிகளும் குறைந்திருக்கும், ஆகவே மட்கு உரம் மூன்றில் ஒரு பங்கு கலந்து, இரண்டு வாரம் ஈரமாக வைத்திருந்து, முதல் பயிராகச் செண்டுமல்லி போடுங்கள். அதன் வேர் விடும் பொருள் மிச்சமிருக்கும் நூற்புழுவுக்கு ஆகாது. பூத்து முடிந்ததும் வேரைப் பிடுங்காமல் தண்டை மட்டும் அறுத்துவிட்டு, அதே மண்ணில் வெங்காயம் நடலாம்.